ஸ்டோன்ஹெஞ்ச்சை யார் கட்டினார்கள்? 900 ஆண்டுகளாக மாறிவரும் பதில்கள்

இங்கிலாந்தின் தெற்கே, வில்ட்ஷயர் மாவட்டத்தில், சாலிஸ்பரி சமவெளி என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. அங்கே வட்டமாக நட்டு நிறுத்திய கற்கள்தான் ஸ்டோன்ஹெஞ்ச். வெளிவட்டத்தில் ஆரம்பத்தில் 30 கற்கள் நின்றதாகக் கணக்கிடுகிறார்கள். இன்று நிற்பவை 17. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 முதல் 25 டன். அவற்றின் தலைமேல் உத்தரம் போலக் கற்களைப் படுக்க வைத்திருக்கிறார்கள். வட்டத்துக்குள்ளே குதிரை லாட வடிவில் ஐந்து பெரிய வாசல்கள்: இரண்டு கல் நின்று, ஒரு கல் மேலே. இவற்றுக்கு இடையில் 2 முதல் 5 டன் வரை எடையுள்ள சிறிய கற்கள். எல்லாவற்றையும் சுற்றி ஏறத்தாழ 110 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டப் பள்ளம்.

கட்டியவர்களுக்கு எழுத்து கிடையாது. கல்வெட்டு இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை. அதனால் பின்னால் வந்த ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தெரிந்ததை வைத்து ஒரு விளக்கம் சொல்லிப் பார்த்தது. அந்த விளக்கங்கள் எப்படி வந்தன, எதனால் விழுந்தன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. எனக்கு ஸ்டோன்ஹெஞ்ச்சைவிட இந்த விளக்கங்களின் வரலாறு சுவையாகப் படுகிறது.

ஒரு பழைய சின்னத்தைப் பற்றி யார், எப்போது, எப்படி, எதற்காக என்று நான்கு கேள்விகள் கேட்கலாம். ஆர்வம் யாரையும் 'யார்', 'எதற்காக' பக்கம்தான் இழுக்கும். ஆனால் 'எப்போது' தெரியாமல் அந்த இரண்டுக்கும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. ஸ்டோன்ஹெஞ்ச் விஷயத்தில் நடந்த குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. இன்னொரு பகுதி வேறு ஒரு நினைப்பிலிருந்து வந்தது: "இந்த ஊர்க்காரர்களால் இதைக் கட்டியிருக்க முடியாது."

மந்திரவாதியும் கட்டடக் கலைஞரும்

ஸ்டோன்ஹெஞ்ச்சைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்துக் குறிப்பு 1130ஐ ஒட்டியது. ஹென்றி ஆஃப் ஹண்டிங்டன் என்ற பாதிரியார், இவ்வளவு பெரிய கற்களை எப்படித் தூக்கினார்கள், ஏன் இங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை என எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். நேர்மையான மனிதர்.

சில ஆண்டுகளிலேயே, 1136 வாக்கில், ஜெஃப்ரி ஆஃப் மான்மத் என்பவர் முழு விடையுடன் வந்தார். கடல் கடந்து வந்து குடியேறிய சாக்சன்கள் வஞ்சகமாகக் கொன்ற பிரிட்டன் பிரபுக்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப ஒரு மன்னன் விரும்பினானாம். அயர்லாந்தில் ஒரு மலைமேல் 'அரக்கர்களின் நடனம்' என்ற கல்வட்டம் இருந்தது; அந்தக் கற்களை அரக்கர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள்; அவற்றின் மேல் ஊற்றிய தண்ணீருக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டு. படை வீரர்கள் கயிறும் ஏணியும் வைத்து இழுத்தும் கல் அசையவில்லை. மந்திரவாதி மெர்லின் தன் வித்தையால் பெயர்த்துக் கப்பலேற்றிச் சாலிஸ்பரிக்குக் கொண்டுவந்து நிறுத்தினான்.

கட்டுக்கதைதான். ஆனாலும் உள்ளே ஒரு விளக்கத்துக்கு வேண்டிய எல்லாம் இருப்பதைக் கவனியுங்கள். யார், எப்போது, எப்படி, எதற்காக என்ற நான்குக்கும் பதில் இருக்கிறது. அதனால்தான் அது பல நூற்றாண்டுகள் நின்றது. எதையும் விட்டுவைக்காமல் விளக்கிவிடும் கதையை மறுப்பது கடினம். அதைச் சரிபார்க்கவும் வழியில்லை.

1620ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஸ்டோன்ஹெஞ்ச்சைப் பார்த்துவிட்டு, இது என்னவென்று ஆராயும்படி இனிகோ ஜோன்ஸிடம் சொன்னார். ஜோன்ஸ் இத்தாலிக்குப் போய் ரோமானியக் கட்டடங்களை நேரில் படித்தவர். அந்தப் பாணியை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த கட்டடக் கலைஞர். அவருக்கு இந்தக் கற்களிலும் ரோம்தான் தெரிந்தது. பண்டைய பிரிட்டானியர்கள் கட்டடக்கலை அறியாத காட்டுமிராண்டிகள், ஆகவே இது ரோமானியர் வானக் கடவுளுக்குக் கட்டிய கோயில் என்றார். அவர் இறந்தபின் மாணவர் ஜான் வெப் 1655ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். லாட வடிவில் இருக்கும் ஐந்து வாசல்கள், ஜோன்ஸின் படத்தில் ஆறாகி, ஒழுங்கான அறுகோணமாக நிற்கின்றன. ரோமானிய இலக்கணத்துக்குக் கல் ஒத்துவரவில்லை, கல்லை மாற்றிவிட்டார்.

1663ல் வால்டர் சார்ல்டன் என்ற மருத்துவர், இதைக் கட்டியவர்கள் டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர்கள், தங்கள் மன்னர்களுக்கு முடிசூட்டக் கட்டினார்கள் என்றார். அவர் இரண்டாம் சார்லஸின் மருத்துவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் சார்லஸ் அரியணைக்குத் திரும்பியிருந்தார். முடிசூட்டு மேடை என்ற விளக்கம் அரண்மனையில் கசந்திருக்காது.

ஆப்ரேயின் நல்ல வாதமும் அதன் பின்விளைவும்

ஜான் ஆப்ரே வந்தபோதுதான் முதன்முறையாகச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு வாதம் கிடைத்தது. 1666ல் ஸ்டோன்ஹெஞ்ச்சை அளந்த அவர் வேறொரு விஷயத்தையும் கவனித்தார். கல்வட்டங்கள் இங்கே மட்டும் இல்லை. ரோமானியர் ஆளாத அயர்லாந்திலும், அவர்கள் ஆட்சி அதிகம் எட்டாத ஸ்காட்லாந்திலும், டேனியர் ஆளாத வேல்ஸிலும் இருக்கின்றன. அப்படியானால் இவற்றைக் கட்டியவர்கள் அவர்களாக இருக்க முடியாது, அவர்களுக்கு முன்பே இங்கே வாழ்ந்த மக்களாகத்தான் இருக்க வேண்டும்.

எவ்வளவு எளிய வாதம்! ஒரே ஒரு கல்வட்டத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு வராத யோசனை, பலவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தவருக்கு வந்தது. ரோமானியரும் டேனியரும் இந்த ஒரு வாதத்தோடு வெளியேறியிருக்க வேண்டும். (வெளியேறவில்லை. ஆப்ரேயின் கையெழுத்துப் பிரதி அவர் காலத்தில் அச்சாகவே இல்லை.)

அடுத்த படியில்தான் சறுக்கல். ரோமானியருக்கு முந்திய பிரிட்டன் மக்கள் என்றால், அவர்களில் கோயில் கட்டக்கூடியவர்கள் யார்? ஜூலியஸ் சீசர் போன்றவர்களின் எழுத்தில் ட்ரூயிடுகள் என்ற பூசாரிகள் வருகிறார்கள். புத்தகங்களில் கிடைத்த ஒரே பெயர் அதுதான். ஆகவே ட்ரூயிடுகளாக இருக்கலாம் என்று ஆப்ரே தயங்கித் தயங்கிச் சொன்னார். 1740ல் வில்லியம் ஸ்டூக்லி அந்தத் தயக்கத்தைக் கழற்றிவிட்டு, ட்ரூயிடுகளின் கோயில் என்றே அடித்துச் சொல்லிவிட்டார்.

ஸ்டூக்லியை இதற்காக மட்டும் நினைவில் வைப்பது அநியாயம். கற்களிலிருந்து வெளியே நீளும் பழைய மண்பாதையையும், அருகில் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள மண்கரை அமைப்பையும் முதலில் கண்டு வரைந்தவர் அவர். முழுக் கட்டுமானமும் ஆண்டிலேயே பகல் நீண்ட நாளில் சூரியன் உதிக்கும் திசையை நோக்கியிருக்கிறது என்றும் எழுதினார். அது இன்றுவரை நிற்கும் உண்மை. ஆனால் ட்ரூயிடுகள் காந்த ஊசி பார்த்துத்தான் திசை குறித்தார்கள் என்று எண்ணி, ஊசியின் விலகலைக் கணக்கிட்டு கி.மு. 460 என்று ஒரு தேதியும் கொடுத்தார். அளவீடு கச்சிதம், அடிப்படை தவறு.

இவர்கள் ஏன் இன்னும் பின்னோக்கிப் போகவில்லை? போக இடமில்லை. உலகம் கி.மு. 4004ல் படைக்கப்பட்டது என்று பேராயர் ஜேம்ஸ் அஷர் பைபிளை வைத்துக் கணக்கிட்டிருந்த காலம் அது. எழுத்தில் வராத மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார்கள் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. ட்ரூயிடுகள் எழுத்தில் வருவதற்கு 2000 ஆண்டுகளுக்கும் முன்பே கற்கள் நின்றுகொண்டிருந்தன. அந்த இடைவெளி தெரியாதவரை ட்ரூயிடு விளக்கம் முற்றிலும் நியாயமாகவே தெரிந்தது. இன்றும் ஜூன் மாதம் வெள்ளை அங்கி அணிந்த ட்ரூயிடுகள் அங்கே கூடுகிறார்கள். அவர்களுடைய மரபு 18ஆம் நூற்றாண்டில், ஸ்டூக்லி போன்றவர்களின் ஆர்வத்திலிருந்து புதிதாக முளைத்தது.

தேதி கிடைக்கிறது

1900ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஒரு கல் விழுந்தது. சாய்ந்திருந்த இன்னொரு கல்லை நிமிர்த்த 1901ல் வில்லியம் கௌலாண்ட் அதன் அடியைத் தோண்டினார். கல்லைச் செதுக்கிய கல் சுத்தியல்கள் கிடைத்தன. உலோகக் கருவிகள் கிடைக்கவில்லை. ஆக, இரும்புக்கும் ரோமுக்கும் வெகு முன்னால். கி.மு. 1800 வாக்கில் இருக்கும் என்றார். அதே ஆண்டு வானியலாளர் நார்மன் லாக்யர் சூரியன் உதிக்கும் இடம் நூற்றாண்டுகளில் மெல்ல நகர்வதை வைத்து கி.மு. 1680, முன்பின் 200 ஆண்டுகள் என்றார். தொடர்பே இல்லாத இரண்டு வழிகள் கிட்டத்தட்ட ஒரே விடையைத் தந்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். பிறகு பார்த்தால் இரண்டும் பல நூற்றாண்டுகள் பிசகியிருந்தன.

உண்மையான திருப்பம் கார்பன் காலக்கணிப்பு. உயிரோடு இருக்கும் எதுவும் காற்றிலிருந்தோ உணவிலிருந்தோ கார்பன் 14 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்துக்கொள்கிறது. செத்தபின் புதிதாகச் சேராது. இருப்பது சிதைந்துகொண்டே போகும். 5730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மிச்சத்தை அளந்தால் எப்போது செத்தது என்று தெரியும். கல்லுக்கு உயிர் இல்லை, எனவே கல்லை நேராக இப்படி அளக்க முடியாது. ஆனால் கல்லை நட்டவர்கள் மான் கொம்பால் குழி தோண்டினார்கள். தேய்ந்த கொம்புகளைக் குழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஸ்டோன்ஹெஞ்ச்சின் வயதாக நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் அந்தக் கொம்புகளின் வயதுதான்.

1952ல் ஒரு குழியில் கிடைத்த கரித்துண்டை அளந்து கி.மு. 1848, முன்பின் 275 ஆண்டுகள் என்று முதல் விடை வந்தது. அடுத்த ஆண்டே வேறு ஒரு பரபரப்பு. மாலை வெயிலில் புகைப்படம் எடுக்கப் போன ரிச்சர்ட் அட்கின்சன், ஒரு கல்லில் குத்துவாளும் கோடாரிகளும் செதுக்கியிருப்பதைக் கண்டார். அத்தனை பேர் அத்தனை காலம் பார்த்தும் யார் கண்ணிலும் படாதவை. அந்தக் குத்துவாள் கிரேக்கத்தின் மைசீனே நகரத்து வாளைப் போல இருந்ததாகப் பட்டது. உடனே மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் வந்து இதை வடிவமைத்திருக்கலாம் என்ற விளக்கம் பிறந்தது. ஜோன்ஸின் ரோமானியர் வேறு உடையில் திரும்பி வந்த மாதிரிதான்.

இதைக் கவிழ்த்தது மர வளையங்கள். காற்றில் கார்பன் 14ன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இல்லை. கலிஃபோர்னிய மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழும் பைன் மரங்களின் வளையங்களை ஒன்றொன்றாக எண்ணி, ஒவ்வொரு வளையத்தின் கார்பனையும் அளந்து ஒப்பிட்டபோது, பழைய தேதிகளைத் திருத்த வேண்டும் என்று தெரிந்தது. திருத்தியதும் வடமேற்கு ஐரோப்பாவின் பெரிய கற்சின்னங்கள் இன்னும் பழையதாகிவிட்டன. காலின் ரென்ஃப்ரூ 1960களின் இறுதியில் இதன் பொருளைத் தெளிவாகச் சொன்னார்: மைசீனே கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஸ்டோன்ஹெஞ்ச் நின்றுவிட்டது. பிறக்காத ஆசிரியரிடம் யாரும் பாடம் கற்க முடியாது. குத்துவாள் செதுக்கல்? கற்கள் நின்று நூற்றாண்டுகள் கழித்து யாரோ செதுக்கியது.

இன்றைய கணக்கு இது: வட்டப் பள்ளமும் அதன் உள்ளோரத்தில் 56 குழிகளும் கி.மு. 3000 வாக்கில், பெரிய கற்கள் கி.மு. 2500 வாக்கில். கட்டியவர்கள் புதிய கற்கால உழவர்கள். தச்சு வேலையில் மரத்தைப் பொருத்தும் முறையில், நிற்கும் கல்லின் தலையில் ஒரு முளையும் உத்தரக் கல்லின் அடியில் அதற்கேற்ற குழியும் செதுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். மரத்தில் பழகிய கை கல்லிலும் அதையே செய்திருக்கிறது. இதற்கு ரோமும் வேண்டாம், கிரேக்கமும் வேண்டாம், வேற்றுக்கிரகவாசிகளும் வேண்டாம்.

கணினிக் கால விளக்கம்

1963ல் வானியலாளர் ஜெரால்ட் ஹாக்கின்ஸ் கற்களின் இருப்பிடங்களைக் கணினியில் ஏற்றி, சூரியனும் சந்திரனும் உதிக்கும், மறையும் திசைகளோடு ஒப்பிட்டார். பொருத்தங்கள் நிறைய வந்தன. 56 குழிகளும் கிரகணத்தை முன்கூட்டிச் சொல்லும் கருவி என்றார். சந்திரப் பாதையின் ஒரு சுழற்சி 18.61 ஆண்டு, மூன்று சுழற்சி ஏறத்தாழ 56. விண்வெளிப் பயணமும் கணினியும் தலைப்புச் செய்தியாக இருந்த காலத்தில், கல் கணினி என்ற விளக்கம் பற்றிக்கொண்டது.

தொல்லியலாளர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். முதலாவது, வானத்து நட்சத்திரங்களில் விருப்பமான சிலவற்றை இணைத்தால் எந்த உருவமும் கிடைப்பதைப் போல, நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகளை இரண்டிரண்டாக இணைத்தால் ஏதாவது ஒரு கோடு ஏதாவது ஒரு திசைக்குத் தற்செயலாகவே பொருந்தும் அல்லவா? இரண்டாவது, இணைத்த புள்ளிகளில் சில வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சேர்ந்து நின்றதே இல்லை. இரண்டாவது கேள்வி மறுபடியும் 'எப்போது'தான்.

சரி, வானியலே இல்லையா என்றால், இருக்கிறது. நீண்ட பகல் நாளின் உதயமும் அதற்கு நேர் எதிரே குறுகிய பகல் நாளின் மறைவும் ஒரே அச்சில் விழுவது தற்செயல் என்று இன்று யாரும் சொல்வதில்லை. நாட்காட்டி, கிரகணக் கருவி என்று அதற்கு மேல் போகும்போதுதான் சண்டை.

கற்களின் பூர்வீகம்

'எங்கிருந்து' என்ற கேள்வியில்தான் அண்மைக்காலத்தில் அதிக முன்னேற்றம். 1923ல் புவியியலாளர் ஹெர்பர்ட் தாமஸ், சிறிய கற்களில் உள்ள வெள்ளைப் புள்ளிகளை வைத்து, அவை மேற்கு வேல்ஸின் ப்ரெசெலி குன்றுகளைச் சேர்ந்தவை என்று காட்டினார். 200 கிலோமீட்டருக்கும் மேல். பனியாறுகள்தான் தள்ளிக்கொண்டுவந்தன, மனிதர்கள் இல்லை என்று சிலர் இன்றும் வாதிடுகிறார்கள். ப்ரெசெலியில் கற்களைப் பெயர்த்த இடங்கள் கண்டறியப்பட்டதாக 2015ல் வந்த ஆய்வு மனிதர் பக்கம் சாய்ந்தது. கடல்வழி வந்திருக்கலாம் என்று 2000ல் ஒரு கல்லைப் படகுகளுக்கு நடுவே கட்டி மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். அது வேல்ஸ் கடற்கரை தாண்டும் முன்பே மூழ்கிவிட்டது. அதனால் அந்த வழி பொய் என்று ஆகிவிடாது. இந்தக் காலத்து ஆட்களுக்குப் பழக்கமில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். 2016ல் லண்டனில், மரச் சறுக்கில் வைத்த ஒரு டன் கல்லைப் பத்துப் பேர் எதிர்பார்த்ததைவிட எளிதாகவே இழுத்தார்கள்.

பெரிய கற்களின் பூர்வீகம் 2020ல் ஒரு வினோதமான வழியில் தெரிந்தது. 1958ல் ஒரு கல்லைப் பழுதுபார்க்கத் துளையிட்டபோது எடுத்த கல் உருளையை, அந்த வேலை செய்தவர் ஒருவர் நினைவுக்காக வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 60 ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்தார். அதை உடைத்து ஆராய முடிந்ததால், பெரும்பாலான பெரிய கற்கள் சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே உள்ள வெஸ்ட் வுட்ஸ் பகுதியைச் சேர்ந்தவை என்று தெரிந்தது.

2024ல் வந்த செய்திதான் எல்லோரையும் அசைத்தது. நடுவில் படுத்துக் கிடக்கும் 6 டன் 'ஆல்டர் கல்' (பலிபீடக் கல்) வேல்ஸைச் சேர்ந்ததல்ல, வடகிழக்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. குறைந்தது 750 கிலோமீட்டர் தொலைவு.

எதற்காக?

1998ல் மடகாஸ்கர் தொல்லியலாளர் ரமிலிசோனினா, இங்கிலாந்தில் ஒரு கல்வட்டத்தைப் பார்த்ததும், கல் என்றால் அது முன்னோர்களுக்கு என்றார். அவருடைய நாட்டில் உயிரோடிருப்பவர்களுக்கு மர வீடு, இறந்தவர்களுக்குக் கல் கல்லறை. கூட இருந்த மைக் பார்க்கர் பியர்சன் இதையே ஓர் ஊகமாக எடுத்துக்கொண்டார்: ஸ்டோன்ஹெஞ்ச் இறந்தோரின் இடம் என்றால், அருகில் மரத்தாலான, வாழ்வோரின் இடம் ஒன்று இருக்க வேண்டும். சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி டரிங்டன் வால்ஸில் மர வட்டங்கள் இருப்பது ஏற்கெனவே தெரியும். அங்கே தோண்டியபோது வீடுகளின் தரைகளும் பெரிய விருந்துகளின் எச்சங்களும் வந்தன. பன்றிகளில் பல ஒன்பது மாத வயதில் கொல்லப்பட்டவை. வசந்தத்தில் பிறந்த குட்டி என்றால் விருந்து நடந்தது நடுக் குளிர்காலத்தில். நாம் ஜூன் உதயத்தைப் பார்க்கக் கூடுகிறோம். அவர்கள் கூடியது டிசம்பர் மறைவுக்காக இருக்கலாம்.

இறந்தோர் பக்கச் சான்றும் இருக்கிறது. 1920களில் வில்லியம் ஹாலி தோண்டி எடுத்த எரித்த எலும்புகளை அருங்காட்சியகம் எதுவும் விரும்பவில்லை. 1935ல் எல்லாவற்றையும் ஒரே குழியில் மறுபடி புதைத்தார்கள். 2008ல் அந்தக் குழியைத் திறந்தார்கள். 2018ல் 25 பேரின் எலும்புகளைச் சோதித்ததில் 10 பேர் சாலிஸ்பரிப் பக்கத்து மண்ணில் வாழ்ந்தவர்கள் அல்ல என்று தெரிந்தது. சிலருடைய எலும்புகள் மேற்கு வேல்ஸ் மண்ணோடு ஒத்துப்போயின. ஆக, கற்கள் வந்த பக்கத்திலிருந்தே ஆட்களும் வந்திருக்கிறார்கள்.

நோய் தீர்க்கும் தலம் என்று 2008ல் திமோத்தி டார்வில், ஜெஃப்ரி வெயின்ரைட் இருவரும் ஒரு விளக்கம் வைத்தார்கள். எனக்கு அது அவ்வளவு வலுவாகத் தெரியவில்லை. கல்லறை விளக்கத்துக்கு எலும்பு இருக்கிறது, இதற்கு அந்த அளவு சான்று இல்லை. ஆனால் ஏறத்தாழ 1500 ஆண்டுகள் பயன்பட்ட இடத்துக்கு ஒரே நோக்கம்தான் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஸ்காட்லாந்துக் கல் தெரிந்த பிறகு பார்க்கர் பியர்சன் குழு இன்னொரு விளக்கம் சொல்கிறது: தீவின் பல மூலைகளிலிருந்து கற்களைக் கொண்டுவந்து சேர்த்தது, மக்களை ஒன்றிணைக்கும் முயற்சி. கி.மு. 2450 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து புதிய மக்கள் வரத் தொடங்கினார்கள். சில நூற்றாண்டுகளில் பிரிட்டனின் மரபணுவில் ஏறத்தாழ 90 சதவீதம் மாறிவிட்டது. அந்த நெருக்கடியின் பதிலாக இது இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இதைச் சோதிக்க ஆல்டர் கல் எந்த நூற்றாண்டில் வந்தது என்று தெரிய வேண்டும். கற்களின் தேதியைச் சொல்லும் மான் கொம்பு போன்ற ஏதாவது அதன் அடியில் கிடைக்க வேண்டும். அந்தக் கல்லின் மேல் இப்போது விழுந்த இரண்டு பெரிய கற்கள் கிடக்கின்றன. அவற்றை அசைக்காமல் அங்கே முழுதாகத் தோண்ட முடியாது.